எம்.எஸ். மருந்து ஆய்வுகள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ்., என்று உறுதியான வாரத்திலேயே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ‘புது மருந்து வந்தாச்சு’ என்று மூன்று செய்திகள் வந்துவிட்டன. ஒன்று, முடி வளர எல்லோரும் சாப்பிடுகிற பயோட்டின் பற்றி. இன்னொன்று ஸ்டெம் செல். மூன்றாவது ஏதோ ஒரு ஊசி. பெரியம்மா பயோட்டின் டப்பாவையே கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு அன்பு, அவ்வளவு பதற்றம். அந்தச் செய்திகளில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் மெல்ல மெல்லப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சில வருடம் கழித்துத் தங்கையையே ஒரு கிளினிக்கல் ட்ரையலில், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில், சேரச் சொல்லிக் கேட்டார்கள். அப்போது கற்றது வேறு பாடம். இரண்டையும் சேர்த்து, இந்த நோயோடு புதிதாக வாழத் தொடங்கியிருக்கிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நரம்பியல் மருத்துவர் முன்னால் உட்காரும்போது உங்கள் கையில் சரியான கேள்விகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் நோயின் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. மின்கம்பியின் மேலுறை அங்கங்கே உரிந்துபோனது போல. எந்த இடத்தில் உரிகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்குப் பார்வை மங்கும், ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், ஒருவருக்குச் சிறுநீர் அடக்க முடியாது.

பெரும்பாலானவர்களுக்கு, ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு, இது தொடக்கத்தில் வந்து வந்து போகும். ஒரு தாக்குதல், அதாவது ரிலாப்ஸ், வரும். சில வாரங்களில் முழுவதுமாகவோ பாதியளவோ தானாகவே சரியாகும். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எதுவும் இருக்காது.

இங்கேதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. உடம்பு மோசமாக இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியம் தேடி ஓடுகிறோம். மோசமான கட்டம் எப்படியும் ஓரளவு தணியத்தான் போகிறது. அந்த நேரத்தில் எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும், எந்த மாத்திரையைப் போட்டிருந்தாலும், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்றே தோன்றும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது உண்மை. எதனால் நடந்தது என்பதை மட்டும் அவர் ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எம்.எஸ். மருந்து ஆய்வின் ஒவ்வொரு விதியும் இந்த ஒரு சிக்கலை வெல்வதற்காக வந்ததுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இன்னொன்றும் நம் ஊரில் முக்கியம். உடல் சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதினார். கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றாலே தங்கைக்கு இடது கண் புகைமூட்டம் போல ஆகிவிடும். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். இது ரிலாப்ஸ் அல்ல. காய்ச்சல் வந்தாலும் இப்படி ஆகும். அதனால்தான் ஆய்வுகளில் ரிலாப்ஸுக்குக் கறாரான வரையறை வைத்திருக்கிறார்கள்: அறிகுறி குறைந்தது 24 மணி நேரம் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது, அதற்கு முன் சுமார் 30 நாள் உடல்நிலை சீராக இருந்திருக்க வேண்டும். நோயாளி ‘அட்டாக் வந்தது’ என்று சொன்னால் மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

குலுக்கலும் மறைப்பும்

1993-ல் இண்டர்ஃபெரான் பீட்டா-1பி ஆய்வு வெளியானது. வந்து வந்து போகும் எம்.எஸ். நோயின் போக்கையே மாற்றும் என்று ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 372 பேர் சேர்ந்தார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத ஊசி. இதைத்தான் பிளாசிபோ என்கிறார்கள். கடையில் ஏமாற்றி விற்கிற போலி மருந்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளாசிபோ தரப்படலாம் என்பது சேர்கிற எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லப்படும்.

பிளாசிபோ போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.27 ரிலாப்ஸ், அதிக அளவு மருந்து போட்டவர்களுக்கு 0.84. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. குலுக்கல் இல்லாமல், மருந்து போட்ட குழுவை மட்டும் பார்த்திருந்தால் இந்த மூன்றில் ஒரு பங்கைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஏனென்றால் அண்மையில் ரிலாப்ஸ் வந்தவர்களைத்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளில் சேர்ப்பார்கள். பிளாசிபோ போட்டவர்களுக்குமே முன்பைவிடக் குறைந்துதான் தெரியும்.

ஆக, எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டார்கள்? ‘30 பேருக்குக் கொடுத்தோம், 22 பேர் முன்னேற்றம் கண்டார்கள்’ என்று மட்டும் இருந்தால் அதோடு மூடி வைத்துவிடலாம்.

யாருக்கு எது என்பதை நோயாளியிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் மறைப்பதும் லேசான வேலை இல்லை. ஆக்ரெலிசுமாப் என்ற மருந்துக்காக நடந்த ஓபெரா 1, ஓபெரா 2 ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து 24 வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுவது. ஒப்பிட்ட மருந்து இண்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, வாரம் மூன்று முறை தோலுக்கடியில் போடும் ஊசி. ஒன்று டிரிப்ஸ், ஒன்று ஊசி என்றால் யாருக்கு எது என்று உடனே தெரிந்துவிடாதா? அதனால் எல்லோருக்கும் இரண்டுமே கொடுத்தார்கள். நிஜ டிரிப்ஸ் ஏறுகிறவருக்கு வெற்று ஊசி, நிஜ ஊசி போடுகிறவருக்கு வெற்று டிரிப்ஸ். கிட்டத்தட்ட இரண்டு வருடம், 96 வாரம், இப்படி. இண்டர்ஃபெரான் போட்டால் ஃப்ளூ வந்தது போல உடம்பு வலிக்கும், அதை வைத்துச் சிகிச்சை தரும் மருத்துவர் ஊகித்துவிடலாம். எனவே நடக்க வைத்து, கண்ணைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு வேறொரு மருத்துவர். பக்கவிளைவு பற்றி அவரிடம் நோயாளி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

அந்த வெற்று ஊசியை வாரம் மூன்று முறை தன் தொடையில் தானே குத்திக்கொண்டவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று நம் வீட்டில் ஒருவருக்கு ஒரு மருந்து கிடைக்கிறதென்றால் அவர்கள் குத்திக்கொண்ட ஊசியும் அதில் இருக்கிறது.

எந்த வகை எம்.எஸ்.?

செய்தியில் ‘எம்.எஸ். நோயாளிகளுக்கு’ என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். ஆய்வில் அப்படி இருக்காது. வந்து வந்து போகும் வகை ஒன்று. அது சில வருடங்களில் மெல்ல மெல்ல மோசமாகும் வகையாக மாறுவது இரண்டாவது. தொடக்கத்திலிருந்தே ரிலாப்ஸ் இல்லாமல் படிப்படியாக மோசமாவது மூன்றாவது. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரே மருந்து ஒரு வகையில் வென்று இன்னொரு வகையில் தோற்கும். டோலெப்ருட்டினிப் என்ற மாத்திரையின் கதை அதுதான். வந்து வந்து போகும் வகையினரிடம் நடந்த ஜெமினி ஆய்வுகள் இரண்டிலும், ஏற்கெனவே உள்ள டெரிஃப்ளுனோமைட் மாத்திரையைவிட அது ரிலாப்ஸைக் குறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது வகையில், இரண்டு வருடமாக ரிலாப்ஸே இல்லாமல் மெல்ல மோசமாகிக்கொண்டிருந்த 1,131 பேரிடம் நடந்த ஹெர்குலிஸ் ஆய்வில், ஆறு மாதம் நீடித்த இயலாமைக் கூடுதல் பிளாசிபோ குழுவில் 30.7 சதவீதம், மருந்துக் குழுவில் 22.6 சதவீதம். கூடவே சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது, ஒருவர் இறந்தும்போனார். ‘டோலெப்ருட்டினிப் வேலை செய்கிறதா?’ என்று கேட்டால், ‘யாருக்கு?’ என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

எந்தக் கட்டம் என்று பாருங்கள்

முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். மருந்து உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நூறு இருநூறு பேர், சில மாதங்கள், எம்.எஸ். நோயில் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. படத்தில் புதிதாகத் தெரியும் புண்களை எண்ணுவார்கள், ஏனென்றால் ரிலாப்ஸைவிட அவை அடிக்கடி வரும், சீக்கிரம் விடை கிடைக்கும். மூன்றாம் கட்டத்தில் பல நூறு முதல் ஆயிரம் பேர், இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். மனிதருக்கு உண்மையில் என்ன ஆனது என்று பார்ப்பார்கள்.

நாளிதழில் பெரிதாக வருவது பெரும்பாலும் இரண்டாம் கட்டச் செய்தி. நான் அதிகம் ஏமாந்ததும் அதில்தான். எவோப்ருட்டினிப் என்ற மாத்திரை 267 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. புண்களைக் குறைத்தது. பெரிய எதிர்பார்ப்பு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து மூன்றாம் கட்டம் நடத்தினார்கள். 2023 டிசம்பரில் முடிவு வந்தது: ஒப்பிட்ட மருந்தைவிட மேல் இல்லை. கொலஸ்டிராலுக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டினும் அப்படியே. பிரிட்டனில் 140 பேரிடம் நடந்த ஆய்வில் மூளைச் சுருக்கத்தைக் குறைத்ததாக 2014-ல் வந்தது. 964 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வு 2024-ல் முடிந்தபோது இயலாமையைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது.

இப்போது பெரியம்மாவின் பயோட்டின் டப்பாவுக்கு வருகிறேன். பிரான்ஸில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மெல்ல மோசமாகும் வகையினர் 154 பேருக்கு மிக அதிக அளவு பயோட்டின், நாளுக்கு 300 மில்லிகிராம், கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துக் குழுவில் 103 பேரில் 13 பேருக்கு முன்னேற்றம். பிளாசிபோ குழுவில் 51 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 51 பேரில் பூச்சியம் என்பது சிறிய எண்ணிக்கையின் விளையாட்டாகவும் இருக்கலாம் இல்லையா? 642 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2020-ல் முடிவு: மருந்துக் குழுவில் 12 சதவீதம், பிளாசிபோ குழுவில் 9 சதவீதம். அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். மருந்துக் குழுவின் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. மாறியது பிளாசிபோ குழுவின் எண். ஒப்பிடும் குழு எவ்வளவு பெரியது என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். போதாததற்கு அந்த அளவு பயோட்டின் தைராய்டு, இதய ரத்தப் பரிசோதனை முடிவுகளையே குழப்பிவிடும். வீட்டில் யாராவது அதிக அளவில் எடுக்கிறார்கள் என்றால் ரத்தம் எடுப்பதற்கு முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

என்ன எண்ணினார்கள்?

மூன்று விஷயங்களை எண்ணுவார்கள்: ரிலாப்ஸ், எம்.ஆர்.ஐ. புண்கள், இயலாமை. முதல் இரண்டும் குறைந்தால் மூன்றாவதும் குறைந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இயலாமையை அளக்க ஈ.டி.எஸ்.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது. கர்ட்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1983-ல் இப்போதைய வடிவில் வெளியிட்டார். 0 முதல் 10 வரை, அரைப் புள்ளியாக ஏறும். 4 என்றால் துணையில்லாமல் சுமார் 500 மீட்டர் நடப்பார். 6 என்றால் 100 மீட்டர் நடக்க ஒரு கையில் தடி வேண்டும். 7 என்றால் பெரும்பாலும் சக்கர நாற்காலி. இதன் பெரிய குறை, நடையையே அதிகம் பார்க்கிறது. கை நடுக்கம், மறதி, அசதி இவையெல்லாம் சரியாக ஏறுவதில்லை. அசதியால் மத்தியானம் இரண்டு மணிக்கே படுத்துவிடுகிற ஒருவருக்கு இந்த அளவுகோலில் 2 கூட வரலாம். அதனால் எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

ஆகவே கூடுதலாகச் சில சோதனைகள் வைக்கிறார்கள். ஒன்பது துளைச் சோதனையைத் தங்கைக்கு வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மேசையில் ஒரு பிளாஸ்டிக் பலகை. ஒரு பக்கம் கிண்ணம் போன்ற குழி, அதில் ஒன்பது சின்னக் குச்சிகள். மறுபக்கம் ஒன்பது துளைகள். ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிக் குழியில் போட வேண்டும். நர்ஸ் கையில் ஸ்டாப்வாட்ச். வலது கை சரசரவென்று முடித்துவிட்டது. இடது கையில் மூன்றாவது குச்சி விரலுக்குள்ளேயே உருண்டது. மரத்துப்போன விரலுக்கு அது இருப்பதே தெரியவில்லை. தங்கை கண்ணால் பார்த்துப் பார்த்துச் செருகினாள். தினமும் புடவைக்குப் பின் குத்தும்போது அவள் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஆய்வில் இந்த நேரம் 20 சதவீதம் கூடினால் மோசமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 25 அடி தூரத்தை வேகமாக நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பதும் உண்டு.

‘12 வாரம் உறுதியான இயலாமை’, ‘24 வாரம் உறுதியான இயலாமை’ என்றும் பார்ப்பீர்கள். ஒரு தடவை மதிப்பெண் ஏறியது போதாது, அத்தனை வாரம் கழித்துப் பார்த்தாலும் ஏறியே இருக்க வேண்டும் என்று அர்த்தம். 24 வாரக் கணக்கு இன்னும் நம்பகமானது.

அப்புறம் சதவீதம். இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓபெரா ஆய்வுகளில் ‘ரிலாப்ஸ் 46 சதவீதம் குறைந்தது’ என்று வந்தது. உண்மைதான். வருடத்துக்கு 0.29 என்பது 0.16 ஆனது. நூறு பேரை ஒரு வருடம் பார்த்தால் 29 ரிலாப்ஸுக்குப் பதில் 16. மூன்றாவது வகையினருக்காக, அதாவது தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகிறவர்களுக்காக, அதே ஆக்ரெலிசுமாப்பை வைத்து 732 பேரிடம் நடந்த ஒரட்டோரியோ ஆய்வில் ‘ஆபத்து 24 சதவீதம் குறைவு’ என்றார்கள். அங்கே பிளாசிபோ குழுவில் மோசமானவர்கள் 39.3 சதவீதம், மருந்துக் குழுவில் 32.9. நூறு பேருக்கு ஆறு பேர் வித்தியாசம். அதுவரை அந்த வகைக்கு ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுமே இல்லை என்பதால் இதுவே பெரிய விஷயம். 2017 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒருவர் மோசமானார் என்பதையும் தெரிந்துகொண்டுதான் அந்த வகை நோயாளி முடிவெடுக்க வேண்டும். எப்போதும் இரண்டு குழுக்களின் எண்களையும் கேளுங்கள். ஒற்றைச் சதவீதத்தை மட்டும் சொன்னால் ‘எதிலிருந்து எதற்கு?’ என்று கேளுங்கள்.

ஆபத்து பின்னால் வரலாம்

நடாலிசுமாப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த நோயின் மருந்துகளைப் புரிந்துகொள்ள முடியாது. 942 பேரிடம் நடந்த அஃபர்ம் ஆய்வில் முதல் வருடத்திலேயே ரிலாப்ஸ் 68 சதவீதம் குறைந்தது. அதுவரை யாரும் காணாத அளவு. ஒரு வருடத் தரவை வைத்தே 2004 நவம்பரில் எஃப்.டி.ஏ. விரைவு ஒப்புதல் கொடுத்தது. மூன்றே மாதத்தில், 2005 பிப்ரவரியில், விற்பனை நிறுத்தப்பட்டது. பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வந்திருந்தது. நம்மில் பலருடைய உடலில் சத்தமில்லாமல் கிடக்கும் ஜே.சி. வைரஸ், எதிர்ப்புச் சக்தி தடுக்கப்பட்டதும் மூளையில் கிளம்பிவிட்டது. மருந்து எடுத்த 3,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிச் சோதித்தார்கள். மொத்தம் மூன்று பேருக்கு. அதில் இருவர் இறந்துவிட்டார்கள்.

ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற ஆபத்து ஆயிரம் பேர் உள்ள ஆய்வில் கண்ணில் படாமலே போய்விடலாம். யாரும் மறைத்ததால் அல்ல, எண்ணிக்கை அப்படி. 2006-ல் கடுமையான கண்காணிப்போடு அந்த மருந்து திரும்பி வந்தது. இன்று ஜே.சி. வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். டாக்லிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்து அப்படித் திரும்பவில்லை. 2016-ல் ஒப்புதல் பெற்றது, மூளை அழற்சி வந்ததால் 2018 மார்ச்சில் உலகம் முழுவதும் விலக்கப்பட்டது.

எனவே புது மருந்து என்றால் உடனே மாற வேண்டும் என்றும் இல்லை, பழைய மருந்து என்றால் மட்டம் என்றும் இல்லை. நம் நாட்டில் பலருக்குக் கொடுக்கப்படும் ரிட்டுக்சிமாப்பே நல்ல உதாரணம். எம்.எஸ். நோய்க்கென்று முறையான ஒப்புதல் பெறாத மருந்து அது. ஆனால் ஸ்வீடனில் 200 பேரிடம் நடந்த ரிஃபண்ட் ஆய்வில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற எம்.எஸ். மருந்தைவிடத் தெளிவாக நன்றாகச் செயல்பட்டது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காகச் சேர்த்த மூன்றில் அதுவும் ஒன்று.

நடக்கும் ஆய்வுகளைத் தேடுவது

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்துவது, 2007-ல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். எந்த மருந்து, எந்தக் கட்டம், எந்த ஊர்களில், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று எல்லாம் இருக்கும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டின் சொந்தப் பதிவேடு 2006 முதல் உண்டு. வெளிநாட்டு ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் பார்க்கலாம்.

பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பணம் கேட்டாலும் அப்படியே. ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறை இல்லை. ‘ஸ்டெம் செல் ட்ரையல், லட்சக்கணக்கில் ஆகும்’ என்று யாராவது அழைத்தால், ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ஏற்கப்பட்ட சில பயன்பாடுகளைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைக் காசுக்கு விற்கக் கூடாது, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒப்புதல் படிவம்

தங்கைக்குக் கொடுத்த படிவம் இருபது பக்கத்துக்கு மேல். தமிழிலும் இருந்தது. நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி; ஆங்கிலத்தில் மட்டும் நீட்டினால் தமிழில் கேளுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தோம். கையெழுத்துப் பக்கத்தில் ‘நாமினி பெயர், முகவரி, உறவு’ என்று ஒரு வரி. அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான வரி அது. பயமுறுத்துவதற்காக அல்ல, நோயாளியின் குடும்பத்தைப் பாதுகாக்கவே அந்த வரி. உங்கள் வீட்டில் இதை முன்னமே சொல்லி வையுங்கள், எங்களைப் போல ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

படிக்கும்போது இவற்றை அடிக்கோடிடுங்கள். பிளாசிபோ உண்டா, வேறு மருந்தோடு ஒப்பிடுகிறார்களா? நல்ல மருந்துகள் இருக்கும்போது ரிலாப்ஸ் வரும் வகையினரை இரண்டு வருடம் வெறும் பிளாசிபோவில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். இப்போதைய பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் இன்னொரு மருந்தோடுதான் ஒப்பிடுகின்றன. இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா, எத்தனை வாரத்துக்கு? அந்த இடைவெளியில் ரிலாப்ஸ் வந்தால் ஸ்டெராய்டு கொடுப்பார்களா? உடல் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளின்படி இலவசச் சிகிச்சையும், ஆய்வால் வந்த பாதிப்புக்கு இழப்பீடும் உண்டு. படிவத்தில் அது தெளிவாக இருக்கிறதா? பஸ், ரயில் செலவு தருவார்களா? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். இந்த நோய் பெண்களுக்கே அதிகம், அதுவும் இருபது முப்பது வயதில். ஆய்வுக் காலம் முழுவதும் கர்ப்பம் கூடாது என்று நிபந்தனை இருக்கும், ஒவ்வொரு முறையும் சோதிப்பார்கள். கல்யாணம், குழந்தை பற்றிய திட்டத்தை மருத்துவரிடம் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாமியார் முன்னால் பேச முடியாது என்றால் தனியாகப் பேச நேரம் கேட்கலாம், கொடுப்பார்கள்.

கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். வாங்காமல் வரவே வராதீர்கள்.

சேர்ந்த பிறகு, அல்லது சேர முடியாமல் போனால்

கையெழுத்துப் போட்டதும் மருந்து வந்துவிடாது. தகுதிச் சோதனை நடக்கும்: எம்.ஆர்.ஐ., கல்லீரல், ஹெபடைடிஸ் பி, காசநோய். நம் நாட்டில் பலர் காசநோய்க் கிருமியை நோயாக வெளிப்படாமல் உள்ளே சுமந்துகொண்டிருக்கிறோம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் அது கிளம்பும் அபாயம் உண்டு. தங்கைக்கு அந்த ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தது. சேர்க்கவில்லை. ஒரு வாரம் அழுதாள். எங்களுக்குமே தேர்வில் தோற்றது போல இருந்தது. பிறகுதான் புரிந்தது, அந்தச் சோதனை இல்லாவிட்டால் இந்த விஷயமே தெரிந்திருக்காது. அவளுடைய மருத்துவர் முதலில் அதற்கு மாத்திரை கொடுத்து முடித்துவிட்டு, பிறகு வேறு சிகிச்சையைத் தொடங்கினார்.

சேர்ந்துவிட்டவர்களுக்குச் சில சிறிய யோசனைகள். ஆய்வு மருத்துவமனையின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணைப் பர்ஸில் வையுங்கள்; திடீரென்று வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்கே காட்ட வேண்டும். புது அறிகுறி வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள், சில நாளுக்குள் பார்த்தால்தான் அது ரிலாப்ஸா என்று உறுதி செய்ய முடியும். சித்த மருந்து, ஆயுர்வேதம், சத்து மாத்திரை எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் உங்கள் கல்லீரலுக்கும் ஆபத்து, ஆய்வின் கணக்கும் கெடும். எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. ஆனால் மருந்தை நிறுத்தினாலும் சோதனைகளுக்கு மட்டும் வர முடியுமா என்று கேட்பார்கள். முடிந்தால் போங்கள். பாதியில் போனவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின், ‘எனக்குக் கிடைத்தது மருந்தா, பிளாசிபோவா, மொத்த முடிவு என்ன?’ என்று எழுதிக் கேளுங்கள். சேரும்போதே பதிவு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருந்தால் பதிவேட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் சேர முடியாமல் போன ஆய்வின் எண் இன்னும் எங்கள் நோட்டில் இருக்கிறது. சில மாதத்துக்கு ஒரு முறை தங்கையே தட்டிப் பார்க்கிறாள்.